பனி திருப்பித் தரும் பள்ளத்தாக்கு

2020ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்ஸின் ஷமோனி பள்ளத்தாக்குக்கு மேலே தொங்கி நிற்கும் போசோன் பனியாற்றிலிருந்து நனைந்துபோன செய்தித்தாள் கட்டு ஒன்று வெளியே வந்தது. உலர்த்திப் பிரித்தபோது எழுத்து அழியாமல் இருந்தது. அவை இந்திய நாளேடுகள். இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி அவற்றில் இருந்தது. அந்தத் தாள்களை ஏற்றிக்கொண்டு பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் 1966 ஜனவரி 24 காலையில் மோன் பிளாங் மலையில் மோதியது. இந்திரா காந்தி பதவியேற்றதும் அதே நாளில்தான். விமானத்தில் இருந்த 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தியாவின் அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கி வளர்த்த ஹோமி பாபாவும் அவர்களுள் ஒருவர்.

விமானம் மோதிய இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே. தாள்கள் கிடைத்த இடமோ கோடையில் ஷமோனியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய உயரம். நடுவில் இருந்த 54 ஆண்டுகளும் அவை பனிக்குள் பயணம் செய்திருக்கின்றன. யாரும் தூக்கி வரவில்லை. பனியாறு சுமந்து வந்து கீழே வைத்தது.

ஷமோனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பனிச்சறுக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் சறுக்குப் பலகை இந்த ஊருக்கு வந்து 120 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஊரைப் பயமுறுத்தியதும் பிறகு அதற்குச் சோறு போட்டதும் பனியாறுதான். இன்றைக்கும் சறுக்கு, மலையேற்றம், விபத்து, ரயில் நிலையத்தின் இடம், மின்சாரம் வரை எல்லாவற்றுக்கும் அடியில் பனியாற்றின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் பள்ளத்தாக்கே பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பு. ஷமோனி ஊர் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மோன் பிளாங்கின் உச்சி 2023இல் எடுத்த அளவீட்டின்படி 4,805.59 மீட்டர். உச்சியில் இருப்பது பாறை இல்லை, கெட்டிப்பட்ட பனித்தொப்பி. அதனால்தான் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் உயரம் கொஞ்சம் மாறுகிறது. ஊருக்கும் உச்சிக்கும் இடையே செங்குத்தாக 3,770 மீட்டர். ஆனால் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் தூரம் சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஐரோப்பாவில் மக்கள் வாழும் ஒரு தெருவில் நின்றுகொண்டு இவ்வளவு பெரிய சுவரை அண்ணாந்து பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

பள்ளத்தாக்கின் நடுவே ஆர்வ் ஆறு ஓடுகிறது. கீழ்க்கோடியில் லே ஊஷ், பிறகு போசோன், ஷமோனி, லே பிராஸ், மேலே அர்ஜந்தியேர், கடைசியில் லெ தூர் என்று ஆற்றோரமாக ஊர்கள் கோத்தாற்போல் வரும். தெற்குப் பக்கம் மோன் பிளாங் தொடர்: வெளிறிய கருங்கல், ஊசி ஊசியாக முகடுகள், அவற்றுக்கு இடையே வழியும் பனியாறுகள். வடக்குப் பக்கம் எகுய் ரூஜ், அதாவது செம்முகடுகள்: வேறு வகைப் பாறை, உயரம் குறைவு, வெயில் அதிகம். நடுவில் உள்ள இந்த அகன்ற தொட்டி, பழைய பனிக்காலங்களில் பெரும் பனியாறு ஒன்று சுரண்டிச் சென்ற வாய்க்கால். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு கீழே குறுகிக் கத்தி முனைபோல் இருக்கும். பனியாறு சுரண்டியது அடியில் தட்டையாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் இருக்கும். ஊர் அமைந்த தட்டை நிலமும் சறுக்க வருகிறவர்களை மிரட்டும் செங்குத்துச் சுவரும் ஒரே வேலையின் விளைவுகள்.

பனியாறு எப்படி நகர்கிறது? உயரத்தில் கோடையில் உருகுவதைவிடக் குளிர்காலத்தில் விழுவது அதிகம். மிஞ்சும் பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே அமுங்கி, காற்று வெளியேறிப் பனிக்கட்டியாகிறது. போதிய கனம் சேர்ந்தால் பனிக்கட்டி கெட்டியான பாகுபோல மெல்ல வளைந்து சரிவில் இறங்கத் தொடங்கும். அடியில் கசியும் உருகுநீர் அதை வழுக்கிச் செல்லவும் வைக்கும். மேலே வரவு, கீழே செலவு. வரவு கூடினால் பனியாற்றின் நுனி ஊருக்குள் நீளும். செலவு கூடினால் மலைமேல் சுருங்கும்.

17ஆம் நூற்றாண்டில் வரவு கூடியது. ஐரோப்பாவின் சிறு பனிக்காலம் என்று சொல்லப்படும் அந்தக் குளிர்ந்த காலத்தில், ஷமோனியின் பனியாறுகள் வயல்களுக்குள் இறங்கி வந்தன. சில குக்கிராமங்களில் வீடுகளும் விளைநிலங்களும் பனிக்கும் அது கொண்டுவந்த வெள்ளத்துக்கும் பலியாயின. 1644இல் ஜெனீவா மறைமாவட்டத்தின் துணை ஆயர் ஷார்ல் தெ சால் சுமார் 300 பேர் கொண்ட ஊர்வலத்தோடு பனியாற்றின் முகத்துக்கே போய், அது பின்வாங்க வேண்டும் என்று மந்திரித்தார். வரி கட்ட முடியவில்லை, பனி நிலத்தைத் தின்றுவிட்டது என்று அந்தக் காலத்து மக்கள் முறையிட்டார்கள். பனியாறு அவர்களுக்கு அழகு காட்டவில்லை. அது வாசலில் வந்து நின்ற பசித்த விலங்கு.

அந்த விலங்கை வேடிக்கை பார்க்க 1741இல் ஆங்கிலேயர் சிலர் ஜெனீவாவிலிருந்து வந்தார்கள். வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போக்கொக் இருவரும் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். காட்டுமிராண்டி தேசத்துக்குப் போவதுபோல் ஆயுதங்களோடு வந்தார்கள். மோந்தான்வேர் என்ற மேட்டில் ஏறிக் கீழே பார்த்த விண்டம், பெருங்காற்றில் கொந்தளித்த ஏரி ஒரு நொடியில் உறைந்துவிட்டதுபோல் இருந்ததாக எழுதினார். அந்தப் பனியாற்றுக்கு 'மெர் தெ கிளாஸ்', அதாவது பனிக்கடல், என்று பெயர் வந்ததற்கு அவருடைய அந்த வர்ணனையே வித்து. இவர்கள் ஷமோனியைக் 'கண்டுபிடித்ததாக' வெகுகாலம் புத்தகங்கள் சொல்லிவந்தன. 11ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே துறவிமடம் இருந்தது, குடியானவர்கள் வரி கட்டினார்கள், படிகக்கல் தேடுபவர்களும் மலையாட்டு வேட்டைக்காரர்களும் பனியாற்றின் பிளவுகளைத் தங்கள் வீட்டு முற்றம்போல் அறிந்திருந்தார்கள். விண்டமின் குழுவுக்கு வழிகாட்டியதும் அவர்கள்தான். கண்டுபிடித்தவர் என்ற பட்டம் வழி கேட்டவருக்குப் போய்விட்டது.

இந்தப் பட்டச் சிக்கல் ஷமோனியில் மறுபடியும் வந்தது. ஜெனீவாவின் அறிவியலாளர் ஒராஸ் பெனெதிக்த் தெ சோசூர் 1760இல் முதன்முதலாக இங்கே வந்து, மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 26 ஆண்டுகள் கழித்து, 1786 ஆகஸ்ட் 8 அன்று, படிகம் தேடும் ழாக் பல்மாவும் ஊர் மருத்துவர் மிஷெல் கப்ரியேல் பக்காரும் உச்சியில் நின்றார்கள். பிறகு பரவிய கதைகளில் பல்மா வீரரானார். பக்கார் இழுத்துச் செல்லப்பட்டவராகச் சுருங்கினார். 1887இல் ஊர் நடுவே வைத்த சிலையில் உச்சியைச் சுட்டிக்காட்டும் பல்மாவும் பக்கத்தில் சோசூரும் இருக்கிறார்கள். பக்காருக்குச் சிலை வந்தது 1986இல், இருநூறு ஆண்டுகள் தாமதமாக.

வெளியிலிருந்து வருகிறவர்களை மேலே அழைத்துப்போவது மெல்ல ஒரு தொழிலானது. அந்தத் தொழிலுக்குச் சட்டதிட்டம் பிறந்தது ஒரு சாவில். 1820 ஆகஸ்டில், ரஷ்ய அரசுப் பணியில் இருந்த மருத்துவர் ஹாமெல் என்பவரின் பயணத்தில் பனிச்சரிவு ஏற்பட்டு, மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மறு ஆண்டு, 1821இல், ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் உருவானது. இவ்வகைச் சங்கங்களில் உலகிலேயே பழமையானது அதுதான். வேலை வரிசைப்படி முறைவைத்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், இறந்தவர்கள் குடும்பத்துக்கும் காயம்பட்டவர்களுக்கும் பொதுநிதி இருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படை ஏற்பாடுகள். தொழிற்சங்கம் என்ற சொல்லே பரவலாகாத காலத்தில் ஒரு மலைக்கிராமம் இதைச் செய்தது. ஷமோனியின் சாதனை என்று என்னைக் கேட்டால் உச்சிகளை அல்ல, இந்தச் சங்கத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அந்த மூவரின் கதை அதோடு முடியவில்லை. 1842இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் மெர் தெ கிளாஸில் குறிகள் வைத்துப் பனியின் நகர்வை நாள்தோறும் அளந்தார். அந்த வேகத்தைக் கொண்டு, 1820இல் புதைந்தவர்கள் சுமார் 40 ஆண்டுகளில் போசோன் பனியாற்றின் அடியில் வெளிப்படுவார்கள் என்று கணக்குச் சொன்னார். 1861இல் எலும்புகளும் உடைகளும் பொருள்களும் அங்கே வரத் தொடங்கின. உடன் சென்று உயிர்தப்பிய வழிகாட்டிகளில் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். போசோன் மிகச் செங்குத்தானது என்பதால் அதன் ஓட்டம் வேகமானது. 1966இன் செய்தித்தாள்கள் 2020இல் வந்ததன் பின்னால் இருப்பதும் இதே கணக்கு.

1860இல் ஷமோனியை உள்ளடக்கிய சவோய் பகுதி பிரான்ஸோடு சேர்ந்தது. சாலை வந்தது, 1901இல் ரயில் ஷமோனியை எட்டியது. 1908, 1909இல் மோந்தான்வேர் மேடு வரை பல்சக்கர ரயில் ஏறியது. அதுவரை பயணிகளைக் கோவேறு கழுதையில் ஏற்றிச் சென்று பிழைத்தவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரயில் 1,913 மீட்டரில் கொண்டுபோய் விட்டதும் எதிரே பனிக்கடல். அது கோடைக்கால வியாபாரம். குளிர்காலத்தில் ஊர் கதவடைத்துக் கிடந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஓர் ஊர் மருத்துவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷெல் பயோ பனி மூடிய கிராமங்களில் நோயாளிகளைப் பார்க்கப் பலகை கட்டிச் சறுக்கிப் போனார். ஊர்க்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1903இல் ஷமோனி வழிகாட்டிகளோடு பனியாறுகளைக் கடந்து ஸ்விட்சர்லாந்தின் செர்மாட் நோக்கிச் சறுக்குப் பயணம் போனார். இன்று 'ஓத் ரூட்', உயர்வழி, என்று மலைச் சறுக்கர்கள் கனவு காணும் பாதை அது. பனிச்சறுக்கு இந்த ஊருக்குள் விளையாட்டாக வருவதற்கு முன் வேலைக் கருவியாக வந்தது என்பதை நினைவில் வைத்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

1924 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை ஷமோனியில் 16 நாடுகள் பங்கெடுத்த பனிக்கால விளையாட்டு வாரம் நடந்தது. அப்போது அதற்கு ஒலிம்பிக் என்ற பெயர் இல்லை. பின்னால்தான் அது முதல் குளிர்கால ஒலிம்பிக்காக அங்கீகரிக்கப்பட்டது. முதல் தங்கம் 500 மீட்டர் வேக ஐஸ் ஸ்கேட்டிங்கில் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஜூட்ராவுக்கு. நார்வேயின் தோர்லைஃப் ஹௌக் மூன்று தங்கம் வென்றார். அழகு ஸ்கேட்டிங்கில் கடைசி இடம் பிடித்த 11 வயதுச் சிறுமி சோனியா ஹெனி பின்னாளில் மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். கவனிக்க வேண்டியது ஒன்று: மலையின் செங்குத்துச் சரிவில் இறங்கும் போட்டி எதுவும் அன்று இல்லை. சமதளத்தில் நெடுந்தூரம் போவதும் மேடையிலிருந்து தாவுவதுமே சறுக்கு. செங்குத்தில் இறங்கும் ஆல்பைன் சறுக்கு ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1936இல்.

ஆக, ஷமோனியின் மலை சறுக்குக்காக வடிவமைக்கப்பட்டதில்லை. பிரான்ஸில் 1960களிலும் 70களிலும் கட்டிய பல பனிச்சறுக்கு ஊர்கள் வெற்று மலைமேல் திட்டம் போட்டு எழுப்பியவை. வாசலில் பலகை கட்டினால் மாலையில் அதே வாசலில் வந்து நிற்கலாம். ஷமோனியில் அது நடக்காது. ஊர் தொட்டியின் அடியில். சறுக்குமிடங்கள் சுவர்களின் மேலே தனித்தனித் தீவுகள். பிரெவானும் ஃப்ளெஜேரும் வெயில் பக்கம். எதிரே மோன் பிளாங்கைப் பார்த்துக்கொண்டே சறுக்கலாம், ஆனால் பனி சீக்கிரம் இளகும். அர்ஜந்தியேருக்கு மேலே உள்ள கிரான் மோந்தே நிழல் பக்கம். குளிர் அதிகம், தூள்பனி நெடுநாள் நிற்கும், தேர்ந்தவர்களின் இடம். லெ தூர் மென்சரிவு. லே ஊஷ் மரங்களுக்கு நடுவே, குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது. அங்கேயே பனிச்சறுக்கு உலகக் கோப்பை நடக்கும் கடுமையான ஓட்டப்பாதையும் உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகப் பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டும். மாலையில் ஊருக்குச் சறுக்கி இறங்கப் பனி போதாத நாட்களில் ரோப்காரிலேயே இறங்க வேண்டும். வசதி தேடி வருகிறவர்களுக்கு இது எரிச்சல். ஆனால் ஷமோனிக்கு வருகிறவர்கள் பலர் வசதிக்காக வருவதில்லை.

அவர்கள் வருவது எகுய் துய் மிதி போன்ற இடங்களுக்காக. 1955இல் திறந்த அந்த ரோப்கார், ஊரிலிருந்து 3,842 மீட்டர் உயர ஊசிமுனைக்குச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கிச் செல்கிறது. மேல்பாதியில் நடுவே தாங்குதூணே கிடையாது. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வேகமாகப் படியேறினால் தலை சுற்றும். பனியைக் குடைந்த சிறு சுரங்கம் வழியே வெளியே வந்தால் ஒரு கூரான முகடு. பலகையை முதுகில் கட்டி, கயிற்றில் பிணைந்து, ஒரு பக்கம் ஷமோனி வரை விழும் ஆழத்தைப் பார்த்தபடி அந்த முகட்டில் இறங்க வேண்டும். அதன் பிறகுதான் வலே பிளான்ஷ் தொடங்குகிறது: சுமார் 20 கிலோமீட்டர், பனியாறுகளின் மேலேயே ஓர் இறக்கம்.

இது சறுக்குப் பாதை கிடையாது. எல்லைக் கம்பம் கிடையாது, காவலர் கிடையாது, பனியைச் சமன்படுத்தும் எந்திரம் கிடையாது. சறுக்கத் தெரிந்தவருக்குச் சரிவு கடினமும் இல்லை. ஆபத்து காலுக்குக் கீழே இருக்கிறது. பனியாறு பாறைத் திட்டின்மேல் வளையும்போது அதன் மேற்புறம் இழுபட்டு வெடிக்கும். அந்தப் பிளவுகளைக் காற்று கொண்டுவரும் பனி பாலம்போல் மூடிவிடும். பலகையில் எடை பரவுவதால் பாலம் தாங்கும். படம் எடுக்கப் பலகையைக் கழற்றி இரண்டு அடி நடந்தவரைத் தாங்காமல் போகலாம். எந்தப் பாலம் எந்த மாதத்தில் மெலியும் என்பது ஒவ்வொரு பருவமும் மாறும். அதனால்தான் இங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் துணைக்கான கூலி மட்டுமில்லை. அந்த வாரத்தின் பனியைப் பற்றிய அறிவுக்கான விலை. அந்த அறிவைப் பயிற்றுவிக்கும் தேசியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பள்ளியும் ஷமோனியிலேயே இருக்கிறது.

பாதைக்கு வெளியே போகிறவர்கள் எல்லோரும் அஞ்ச வேண்டிய இன்னொன்று பனிச்சரிவு. பனி ஒரே மூட்டையாக விழுவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. தெளிந்த குளிரிரவுகளில் ஓர் அடுக்கு சர்க்கரைபோல உதிரித் துகளாகிவிடும். அதன்மேல் காற்று பலகை பலகையாகப் புதுப்பனியை ஏற்றிவைக்கும். 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒருவரின் எடை போதும், அடியில் உள்ள உதிரி நொறுங்கி மேற்பலகை முழுதும் பிய்த்துக்கொண்டு வரும். சறுக்கர்கள் விரும்புவதும் அதே சரிவைத்தான். புதைந்தவரை முதல் 15 நிமிடத்தில் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன் பிறகு வேகமாகச் சரியும். உதவி வந்து சேர அதற்குமேல் ஆகும். எனவே உயிரைக் காப்பாற்றுவது பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ள, புதைந்த இடத்தைக் காட்டும் அலைக்கருவி, குத்துக்கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும்தான்.

சறுக்காதவரையும் பனிச்சரிவு விடாது. 1999 பிப்ரவரி 9 அன்று, சில நாட்கள் ஓயாமல் கொட்டிய பனிக்குப் பிறகு, அர்ஜந்தியேருக்கு மேலே உள்ள மோன்ரோக் குடியிருப்பின்மேல் சரிவு இறங்கியது. வீடுகளுக்குள் இருந்த 12 பேர் இறந்தார்கள். அழிந்த வீடுகளில் சில, ஆபத்து வரைபடத்தில் பாதுகாப்பான பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் இருந்தவை. ஆட்களை வெளியேற்றத் தவறியதற்காக அன்றைய நகரத் தலைவருக்கு 2003இல் நீதிமன்றம் நிறுத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. பிரான்ஸின் மலையூர்த் தலைவர்கள் இன்று சந்தேகம் வந்தாலே சாலையை மூடுவதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

மீட்புப் பணி முறைப்பட்டதும் ஒரு துயரத்தால்தான். 1956 கிறிஸ்துமஸ் நாட்களில் வென்சன்தோன், ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்கள் மோன் பிளாங்கில் புயலில் சிக்கினார்கள். ஊரிலிருந்து தொலைநோக்கியில் அவர்களைப் பார்க்க முடிந்தது. யார் போவது என்ற தகராறிலும் தயக்கத்திலும் நாட்கள் போயின. மீட்கச் சென்ற ஹெலிகாப்டரே விழுந்து நொறுங்கியது. மீட்புக் குழுவினரைக் கொண்டுவந்தார்கள். அந்த இருவரையும் நொறுங்கிய ஹெலிகாப்டரின் கூட்டுக்குள் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. உடல்களை 1957 வசந்தத்தில்தான் எடுத்தார்கள். நாடே வெட்கப்பட்டது. 1958இல் ஷமோனியில் காவல்துறையின் தனி மலைமீட்புப் பிரிவு உருவானது. இன்று உயர்மலையில் அரசு மீட்புக்குக் கட்டணம் கிடையாது. சறுக்குப் பாதைக்குள் அடிபட்டால் மட்டும் கட்டணம் உண்டு என்பதால் சறுக்குச் சீட்டோடு காப்பீடு எடுப்பது வழக்கம்.

இப்போது பனியாற்றின் வரவு செலவுக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மெர் தெ கிளாஸ் 2 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நீளத்தைவிடக் கனத்தின் இழப்புதான் கண்ணில் அறையும். மோந்தான்வேர் மேட்டிலிருந்து பனியாற்றுக்குள் குடையும் குகையைப் பார்க்க 1988இல் ஒரு ரோப்கார் கட்டினார்கள். அப்போது அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து பனிக்கு மூன்று படிகள். பனி தாழத் தாழப் படிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. இறங்கும் வழியில் இந்த ஆண்டில் பனிமட்டம் இங்கே இருந்தது என்று பாறையில் பலகைகள் வைத்திருக்கிறார்கள். தான் பிறந்த ஆண்டின் பலகையைக் கடந்த பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலே பிளான்ஷ் சறுக்கி வந்தவர்களும் களைத்த காலோடு இந்தப் படிகளில்தான் ஏறினார்கள். 2024 பிப்ரவரியில் பள்ளத்தாக்கின் உட்புறத்தில், பனி இன்னும் கொஞ்ச காலம் நிற்கும் என்று கணித்த இடத்தில், புதிய ரோப்கார் திறந்தார்கள்.

பனியாற்றுக்கு அடியில் உருகுநீரைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடும் 1970களிலிருந்து இருக்கிறது. பனி பின்வாங்கி நீர்வாய் வெளியே தெரிந்துவிட்டதால், அதையும் மேலே இன்னோரிடத்துக்கு மாற்றினார்கள். பாறைகளுக்கும் இதே கதி. உயர்முகடுகளின் விரிசல்களில் உறைந்த நீர்தான் கற்களைப் பிணைத்து வைத்திருக்கும் காரை. அது இளகினால் மலை உதிரும். இத்தாலியின் வால்டர் பொனாட்டி 1955இல் ஆறு நாள் தனியாக ஏறிய, 'துரு' என்ற முகட்டின் பாறைத் தூண், 2005 ஜூனில் இடிந்து கீழே கொட்டியது. இன்று மலையேற்றத்தின் புகழ்பெற்ற வழிகளில் ஒன்று வெறும் வெளிறிய தழும்பு. கோடை வெப்பத்தில் கல்மழை மிஞ்சும்போது வழிகாட்டிகள் மோன் பிளாங்கின் வழக்கமான வழியில் ஆட்களை அழைத்துப்போவதையே நிறுத்திவிடுகிறார்கள். 2022இல் அப்படி நடந்தது.

குளிர்காலத்திலும் வெப்பம் எட்டிப் பார்க்கிறது. 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் ஷமோனி உலகக் கோப்பையின் ஆடவர் இறக்கப் போட்டி வெதுவெதுப்பான வானிலையால் ரத்தானது. அதை ஒட்டி நடந்த ஸ்லாலம், அதாவது கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டியில் ஒரு விசித்திரம் நடந்தது. முதல் சுற்றில் 30ஆவதாக வந்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் இறங்க வேண்டும் என்பது விதி. அப்படி இறங்கிய ஸ்விட்சர்லாந்தின் டேனியல் யூல், கலையாத பனியில் வேகமாகப் போய்விட்டார். அடுத்தடுத்து வந்தவர்களுக்குப் பாதை குழிந்து கூழாகிவிட்டது. 30ஆம் இடத்திலிருந்து முதலிடம். உலகக் கோப்பையில் அதற்கு முன் நடக்காதது. யூல் தன் சுற்றை அருமையாகத்தான் சறுக்கினார், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சாதனையில் பாதி இளகிய பனி எழுதியது.

வெப்பத்தோடு புகையும் சேர்ந்துகொள்கிறது. ஷமோனியிலிருந்து மலைக்கு அடியில் இத்தாலிக்குப் போகும் 11.6 கிலோமீட்டர் சாலைச் சுரங்கம் 1965இல் திறந்தது. மோன்ரோக் சரிவு நடந்த அதே குளிர்காலத்தின் முடிவில், 1999 மார்ச் 24 அன்று, அதனுள் ஒரு லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்தார்கள். சுரங்கம் மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. லாரிகள் திரும்பி வந்தன. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தொட்டியின் அடியில் தேங்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும். விறகடுப்புப் புகையும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லாமல் ஆர்வ் பள்ளத்தாக்கிலேயே சுற்றும். தூய மலைக்காற்று தேடி வந்தவர் 3,800 மீட்டரில் அதைச் சுவாசிக்கலாம். கீழே பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை.

அந்தக் குழந்தையின் குடும்பம் அங்கே தொடர்ந்து வாழ முடியுமா என்பது தனிக் கேள்வி. நிரந்தர மக்கள் 9,000 பேர்கூட இல்லை. வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வேறெங்கோ வசிப்பவர்களின் விடுமுறை இல்லங்கள். பருவ வேலைக்கு வருகிறவர்கள் சிலர் வேனிலேயே உறங்குகிறார்கள். ரோப்கார் ஓட்டுபவர், பனிச்சறுக்கு ஆசிரியர், செவிலியர் ஆகியோர் வாடகைக்கு வீடு தேடிப் பள்ளத்தாக்கின் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக விடுமுறை இல்லம் கட்டுவதை 2025இல் ஷமோனி நகரசபை தடைசெய்தது. தாமதமான முடிவு, ஆனாலும் சரியான முடிவு. முறைவைத்து வேலையைப் பங்கிட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு நிதி வைத்த ஊர், தன் மக்களுக்குக் கூரையையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

போசோன் பனியாற்றில் இந்தியர்களின் பொருள்கள் இன்னும் இருக்கின்றன. 'கஞ்சன்ஜங்கா'வுக்கு 15 ஆண்டுகள் முன்பு, 1950 நவம்பர் 3 அன்று, ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானமும் ஏறத்தாழ அதே இடத்தில் மோதியது. பயணிகள் 40 பேரும் இங்கிலாந்தில் கப்பல் வேலையில் சேரப் புறப்பட்ட மாலுமிகள். பணியாளர்கள் எட்டுப் பேர். தேடப் போன ஷமோனி வழிகாட்டி ரெனே பயோவும் பனியில் இறந்தார். 2012இல் 1966 விமானத்தின் இந்திய வெளியுறவுத் துறை அஞ்சல் பை கிடைத்தது. 2013இல் மலையேறச் சென்ற ஓர் இளைஞருக்கு மரகதமும் நீலமும் நிறைந்த சிறு பெட்டி கிடைத்தது; அவர் அதை நேரே காவல்துறையிடம் ஒப்படைத்தார். உரியவர் தெரியாததால் 2021இல் கற்களை அவருக்கும் ஷமோனி நகருக்கும் பாதியாகப் பிரித்தார்கள். நகரின் பங்கு அங்குள்ள படிக அருங்காட்சியகத்துக்குப் போனது. மாலுமிகளின் பெட்டிகளில் மரகதம் இருந்திருக்காது. கோடையில் பனி இளகும்போது போசோனின் ஓரத்தில் நடப்பவர்கள் இன்றும் வளைந்த அலுமினியத் தகடுகளையும் கம்பித் துண்டுகளையும் பார்க்கிறார்கள். எந்த விமானத்தின் துண்டு எது என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை.